பெரியப்பாவின் முற்றத் தோட்டம்: சிமென்ட் மரத்தைப் பழுதுபார்த்த விவரம்

இந்த வடகிழக்குப் பருவமழையில் பெரியப்பாவின் முற்றத்தில் தண்ணீர் நிற்கவில்லை. கொட்டித் தீர்த்த மழை ஓய்ந்து கால் மணி நேரத்துக்குள் தரை வடிந்துவிட்டது. அவர் கையால் கட்டிய சிமென்ட் மரத்தில் புதிதாகப் பூசிய இடங்களில் துருக்கறை இறங்கவில்லை. திரும்பப் பதித்த பீங்கான் சில்லுகளில் ஒன்றுகூட உதிரவில்லை. ஒரு மழைக்காலத்தைத் தாண்டாமல் இதைப் பற்றி எழுதக் கூடாது என்றிருந்தேன். தாண்டிவிட்டது.

வீடு மதுரையில், மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. சந்தில் நின்று பார்த்தால் ஒரு கதவும் ஒரு சன்னலும்தான் தெரியும். நடையையும் கூடத்தையும் கடந்தால் முற்றம். கிழக்கு மேற்காக 11 அடி, தெற்கு வடக்காக 14 அடி. கிழக்கே சமையலறைத் தாழ்வாரம். மற்ற மூன்று பக்கமும் 20 அடி உயரச் சுவர்கள். பெரியப்பா மில் பணிமனையில் கடைசல் வேலை பார்த்தவர். சிற்பமோ கட்டட வேலையோ யாரிடமும் கற்றவரில்லை. 1986-ல் தொடங்கி, ஓய்வு பெறும் வரை, ஷிப்டு முடிந்து வந்த மாலைகளில் இந்த முற்றத்தை அவரே செய்தார். மேற்குச் சுவரை ஒட்டி 9 அடி உயரத்தில் ஒரு சிமென்ட் மரம் நிற்கிறது. அதன் வேர்கள் உட்காரும் திண்ணையாகத் தரையில் படர்ந்திருக்கும். கிளைகள் வடக்குச் சுவர்வரை ஓடும். அந்த வடக்குச் சுவர் முழுக்கப் பீங்கான் சில்லுகளால் ஆன அழகரின் குதிரை, ஆற்றில் இறங்கும் கோலத்தில். மூலையில் ஒரு கிணறு, அதன் பக்கத்தில் நாலடித் தொட்டி. தெருக்காரர்களில் பாதிப் பேருக்கு இது இருப்பதே தெரியாது.

செய்முறை எளியது. 10 மி.மீ. கம்பியை வளைத்து எலும்புக்கூடு கட்டுவது, அதன்மேல் கோழிவலையை இரண்டு சுற்றுச் சுற்றுவது, கலவையை விரலால் அழுத்தி ஏற்றுவது, ஈரம் காய்வதற்குள் சில்லுகளைப் பதிப்பது. லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில், இத்தாலியிலிருந்து குடியேறிய சைமன் ரோடியா என்ற தொழிலாளி 1921 முதல் 1954 வரை தனியாளாக எழுப்பிய கோபுரங்களும் இதே முறையில் நிற்பவைதான். அவற்றில் வெல்டிங் கிடையாது. சண்டிகரில் நேக் சந்த் சாலை ஆய்வாளராக வேலை பார்த்துக்கொண்டே காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் செய்து, 1976-ல் மக்களுக்குத் திறக்கப்பட்ட பாறைத் தோட்டத்திலும் உடைந்த வளையல்களும் பீங்கானும்தான் பொருள். பெரியப்பா இரண்டையும் பார்த்தவரில்லை. கம்பியும் சிமென்ட்டும் உடைந்த பாத்திரமும் மலிவாகக் கிடைக்கிற எந்த ஊரிலும், கைவேலை தெரிந்த ஒருவர் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார் என்று நினைக்கிறேன்.

நான் வேலையைக் கையில் எடுத்தபோது இருந்த நிலை இது. மரத்தின் அடிப்பகுதியில் கைவிரல் நுழையும் வெடிப்புகள். வேர்த் திண்ணையில் கம்பி வெளியே தெரிந்தது. குதிரையின் கால்கள் இருந்த இடத்தில் வெறும் பூச்சு. ஒவ்வொரு மழைக்கும் முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். ஒரு ஒப்பந்தக்காரர் எல்லாவற்றையும் இடித்து, தரையை உயர்த்தி, டைல்ஸ் போட்டுத் தருவதாகச் சொன்னார். பெரியப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். அவருக்கு வயது 80-ஐத் தாண்டிவிட்டது. கரணை பிடிக்கக் கை ஒத்துழைப்பதில்லை. ஆனால் கண்ணும் காதும் கூர்மை.

முதல் வேலை தட்டிப் பார்ப்பது. உளியின் மரப்பிடியால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனேன். பெரியப்பா நாற்காலியில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "கணீர் என்று கேட்டால் தொடாதே அம்மா. பொத்தென்று கேட்கிற இடத்தில் மட்டும் சாக்கட்டியால் கோடு போடு" என்றார். முழு மரத்தையும் தட்டி முடித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. கோடு விழுந்த இடங்களில் பெரும்பகுதி தரையிலிருந்து இரண்டரை அடிக்குள். அதற்கு மேலே, வெயிலும் மழையும் நேரடியாகப் படும் கிளைகள் பெரும்பாலும் நன்றாகவே இருந்தன. மரத்தைக் கெடுத்தது மேலிருந்து விழுந்த மழையாக இருந்தால் சேதம் இப்படி அமைந்திருக்காது. கீழே தேங்கி, பூச்சின் வழியாக மேலே ஏறிய ஓதம்தான் காரணம். ஆகவே மரத்தைத் தொடுவதற்கு முன் தண்ணீருக்கு வழி செய்தாக வேண்டும்.

முற்றத்தின் தூம்பு சந்தில் உள்ள வாய்க்காலுக்குப் போகிறது. கட்டும்போது வாட்டம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. அதன்பிறகு சந்தில் பழைய சாலையைச் சுரண்டாமலே அதன்மேல் புதுச் சாலை போட்டுப் போட்டு மட்டம் ஏறிவிட்டது. தண்ணீர் நிரப்பிய ட்யூப் வைத்துப் பார்த்தேன். முற்றத் தரை வாய்க்காலின் அடிமட்டத்தைவிட 4 அங்குலம் தாழ்ந்திருந்தது. மழையில் தண்ணீர் வெளியே போவதற்குப் பதிலாகத் தெருத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. போதாததற்கு, இடையில் யாரோ பழைய தரையின்மேலேயே டைல்ஸ் பதித்து, வேர்களின் நுனியை இரண்டு அங்குலம் புதைத்துவிட்டார்கள். புதைந்த இடம் முழுக்கத் துரு.

தரையை உயர்த்தினால் திண்ணை மறைந்துவிடும். மோட்டார் வைத்து இறைத்தால், மின்சாரம் போகிற நேரம்தான் மழை கொட்டும். எனவே கணக்குப் போட்டேன். முற்றம் சுமார் 14 சதுர மீட்டர். அதற்குள் நீரைக் கொட்டும் மொட்டைமாடி சுமார் 56 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. பெய்தால் மொத்தம் 3,500 லிட்டர் முற்றத்துக்கு வருகிறது. அதில் 2,800 லிட்டர் மாடித் தண்ணீர். மாடித் தண்ணீரைத் தரையில் விழாமல் திருப்பிவிட்டாலே ஐந்தில் நான்கு பங்கு தொல்லை தீர்ந்துவிடும்.

திருப்புவதற்கு மூலைக் கிணறு இருந்தது. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமாக்கப்பட்டபோது இந்த வீட்டிலும் ஒரு குழாய் போட்டிருக்கிறார்கள். அது எதிலும் இணைக்கப்படாமல் சுவரோடு நின்றது. அதையே பயன்படுத்தி, 4 அங்குல பி.வி.சி. குழாயில் மாடித் தண்ணீரை இறக்கி, கிணற்றருகே 2 அடிக்கு 2 அடி, 3 அடி ஆழத்தில் செங்கல் வடிகட்டித் தொட்டி கட்டினோம். அடியில் 40 மி.மீ. ஜல்லி, அதன்மேல் 20 மி.மீ. ஜல்லி, மேலே கழுவிய மணல்; மணலுக்கும் ஜல்லிக்கும் நடுவே கொசுவலைத் துணி. தொட்டியின் அடியிலிருந்து கிணற்றுக்கு ஒரு குழாய். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரைத் தனியே வெளியேற்ற ஒரு மூடி வைத்த கிளைக்குழாயும் உண்டு. இந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிப்பதற்கில்லை, செடிக்கும் கழுவுவதற்கும்தான்.

தரையில் நேரடியாக விழும் 700 லிட்டருக்கு நடுவில் ஓர் உறிஞ்சு குழி. மூன்றடி விட்டத்தில், ஓரடி உயரமுள்ள ஆறு சிமென்ட் உறைகள். உறையின் பக்கங்களில் ஓட்டை போட்டுத்தான் இறக்க வேண்டும். கொத்தனார் அண்ணன் வழக்கப்படி குழி முழுக்கச் செங்கல் சல்லியை நிரப்பினார். முதல் மழைக்கே பொங்கி வழிந்தது. காரணம் எளியது: வெறும் உறைக்குள் 1,200 லிட்டர் கொள்ளும், சல்லி நிரப்பினால் இடுக்குகளில் மட்டும் நீர் நின்று 500 லிட்டர்கூடத் தேறாது. எல்லாவற்றையும் வெளியே அள்ளி, உறைக்கு வெளிப்புறம் மட்டும் அரையடிக்கு ஜல்லி போட்டு, உள்ளே வெற்றிடமாக விட்டோம். அதன்பிறகு வழியவில்லை. பழைய டைல்ஸைப் பெயர்த்துவிட்டு, சுவரோரத்திலிருந்து நடுக்குழிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் கொடுத்துத் தரை போட்டோம். சந்துக்குப் போகும் தூம்பை நிரந்தரமாக அடைத்துவிட்டோம்.

பிறகுதான் மரம். மேற்குச் சுவரின் உச்சியில் பறவை எச்சத்தில் முளைத்த ஓர் அரசங்கன்று இருந்தது. வெட்டிவிட்டுப் பெருங்காயம் வைத்தால் பட்டுப்போகும் என்றார்கள். வேர் உயிரோடு மிஞ்சினால் இரண்டு மழையில் திரும்பத் தழைக்கும். எனவே ஒன்பது செங்கற்களைக் கழற்றி, வேரின் நுனிவரை உருவிவிட்டு, திரும்பக் கட்டினோம்.

துருப்பிடித்த கம்பி, தன் பழைய பருமனைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கத்தில்தான் பூச்சு வெடிக்கிறது. வெடிப்பை மேலாக அடைத்தால் உள்ளே துரு தொடரும். ஆகவே கோடு போட்ட இடங்களில் பூச்சை உளியால் கொத்தி, கம்பியின் முன்புறம் மட்டுமல்லாமல் பின்புறத்திலும் விரல் போகும்வரை திறந்தோம். பெரிய சுத்தியல் கூடாது. அதிர்ச்சியில் நல்ல இடமும் விட்டுவிடும். அரைக்கிலோ சுத்தியலும் அரை அங்குல உளியும் போதும். கம்பித் தூரிகையால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தேன். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் மற்றதெல்லாம் வீண். பிறகு கம்பிக்குத் துத்தநாகப் பூச்சு.

மூன்றில் ஒரு பங்கு தேய்ந்துபோன கம்பிகளுக்குப் பக்கத்திலேயே புதுக் கம்பி வைத்துக் கட்டினோம். நல்ல பகுதியோடு இருபுறமும் 16 அங்குலம் சேர்ந்து ஓட வேண்டும், 10 மி.மீ. கம்பிக்கு அதன் விட்டத்தைப் போல் 40 மடங்கு என்பது கணக்கு. வெல்டிங் வைக்கவில்லை. சூட்டில் பக்கத்துப் பீங்கான் தெறித்துவிடும், கட்டுக்கம்பியே போதும். அதன்மேல் துத்தநாக முலாம் பூசிய கோழிவலை இரண்டு சுற்று.

கலவை 1:2, அதாவது ஒரு பங்கு சிமென்ட்டுக்கு இரண்டு பங்கு மணல். மணலுக்கு எடுத்த எம் சாண்டை (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) மாவுச் சல்லடை அளவுக்குப் பொடிக்கண் சல்லடையில் சலித்துக்கொண்டேன். ஐந்து கிலோ சிமென்ட்டுக்கு மொத்த ஈரம் இரண்டு லிட்டர், அதில் அரை லிட்டர் லேடெக்ஸ் திரவம். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலிடுக்கில் வழிந்தால் தண்ணீர் அதிகம். அரை மணி நேரத்தில் தீரும் அளவு மட்டுமே குழைக்க வேண்டும். வலைக்குப் பின்னால் ஓர் இடம்கூடக் காலியாக இல்லாமல் கட்டைவிரலால் அழுத்தி ஏற்ற வேண்டும். இதற்குக் கரணை உதவாது. ரப்பர் கையுறை கட்டாயம். சிமென்ட் தோலை அரித்துவிடும். பெரியப்பாவின் பழைய பூச்சு கம்பிக்கு மேல் 8 மி.மீ. கனம்தான் இருந்தது. நான் 20 மி.மீ.க்குக் குறையாமல் வைத்தேன். மரத்தின் இடுப்பு சற்றே பருத்துவிட்டது. "பரவாயில்லை, மரம் வளரத்தானே செய்யும்" என்றார்.

நனைத்த கோணிச்சாக்கைச் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் தாளைக் கட்டி, 14 நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டது பெரியம்மா. காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் தவறவில்லை. பூச்சு வெடிக்காததற்குப் பாதிக் காரணம் அவர்தான்.

மரம் சுவரைத் தொடும் கோட்டில் மட்டும் பழைய வெடிப்பு திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. சுவர் ஒரு வேகத்தில் சூடாகிறது, மரம் வேறு வேகத்தில். அங்கே எத்தனை முறை கலவை வைத்தாலும் பிளக்கும். அந்தக் கோட்டை 10 மி.மீ. அகலத்துக்குத் திறந்து, நெகிழ்ந்து கொடுக்கும் பாலியூரித்தேன் சீலன்ட் வைத்தேன். நிறம் காட்டிக்கொடுக்காமலிருக்க, காய்வதற்கு முன் மேலே மணல் தூவினேன்.

சில்லு வேலை எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உதிர்ந்தவற்றை முப்பது வருடமாக ஒரு மண்ணெண்ணெய் டின்னில் பெரியம்மா சேர்த்து வைத்திருந்தார். தரையில் பரப்பி, பழைய கல்யாணப் புகைப்படங்களில் பின்னணியாகத் தெரிந்த குதிரையை வைத்து, எது எங்கே இருந்தது என்று தேடினோம். அப்போது ஓர் ஒழுங்கு புலப்பட்டது. உதிர்ந்தவை பெரும்பாலும் தேநீர்க் கோப்பை, சாஸர் துண்டுகள். குளியலறை வெள்ளை ஓடுகளோ ஊறுகாய் ஜாடித் துண்டுகளோ அதிகம் விழவில்லை. கோப்பைக்கு இரண்டு பக்கமும் வழுவழுப்பான மெருகு. கலவைக்குப் பிடிமானமே இல்லை. சுவர் ஓட்டின் முதுகு மெருகில்லாமல் சொரசொரப்பாக இருக்கும், ஈரத்தைக் குடித்துப் பிடித்துக்கொள்ளும். கோப்பைத் துண்டுகளிலும் விளிம்பு பாதிக்குமேல் கலவையில் புதைந்திருந்தவை தங்கிவிட்டன, ஏனென்றால் உடைந்த விளிம்பில் மெருகு கிடையாது.

ஆகவே ஒவ்வொரு கோப்பைத் துண்டின் முதுகையும் கிரைண்டரில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினேன். கண்ணாடியும் முகமூடியும் அணிந்தே செய்ய வேண்டும். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. காணாமல்போன துண்டுகளுக்கு டைல்ஸ் கடைகளில் உடைசலை இலவசமாகவே கொடுக்கிறார்கள். ஆனால் இப்போது வருபவை பெரும்பாலும் விட்ரிஃபைடு வகை. அவை தண்ணீரைக் குடிக்காது. வெறும் சிமென்ட் பாலில் ஒட்டாது. அவற்றுக்கும் கோப்பைத் துண்டுகளுக்கும் பாலிமர் கலந்த ஓட்டுப்பசை வேண்டும். பழைய பீங்கான் ஓட்டை ஊறவைத்துப் பதிக்கலாம். விட்ரிஃபைடை ஊறவைப்பதில் பயனில்லை.

சில்லு கத்தரிக்கப் பெரியப்பா தானே செய்த குறடு இன்னும் இருக்கிறது: சாதாரண ஆணிப் பிடுங்கியின் வாயைச் சாணை பிடித்து, பிடியில் குழாய் செருகி நீட்டியது. கடையில் வாங்கிய புதுக் குறட்டைவிட வளைவுகளுக்கு அதுதான் வசதி. துண்டின் ஓரத்தில் கால் பங்கு மட்டும் கொடுத்து அழுத்தினால் விரிசல் நாம் நினைத்த பக்கம் ஓடும். இடுக்குகளை நிரப்பியதும் ஈரப் பஞ்சால் அப்போதே துடைத்துவிட வேண்டும். காய்ந்தபின் ஆசிட் ஊற்றிக் கழுவுவது பல இடங்களில் வழக்கம். அது இடுக்குக் கலவையைத் தின்று உள்ளே வலைவரை போகும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

உறிஞ்சு குழியின் மூடி வட்டப் பலகையாக இருந்தது. அதில் என்ன போடுவதென்று பெரியப்பாவிடம் கேட்டேன். சாக்கட்டியால் அவரே ஒரு கெண்டை மீன் வரைந்தார். துண்டுகளை நான் கத்தரித்துக் கொடுக்க, அவர் ஒவ்வொன்றாக வைத்தார்.

செடிக்கு வந்தபோது வெளிச்சத்தை அளக்க வேண்டியிருந்தது. மதுரை நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 10 பாகை வடக்கே இருப்பதால், சூரியன் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிக்கு நேரே வரும். ஜூனில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து சாய்ந்து தெற்குச் சுவரில் விழுகிறது. டிசம்பரில் தெற்குச் சுவரின் நிழல் 13 அடிக்கு நீண்டு, வடக்கோரம் ஓரடி மட்டுமே வெயில் காண்கிறது. வருடம் முழுவதும் நல்ல வெயில் கிடைக்கும் இடம் முற்றத்தில் எதுவும் இல்லை. பெரியம்மாவுக்கு மல்லிகை ஆசை. மல்லிகைக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும். இங்கே இலைதான் வரும். அதை மாடிக்குக் கொண்டுபோய்விட்டோம்.

இந்த நிழலும் ஈரமும் வெற்றிலைக்கு உகந்தவை. சோழவந்தானிலிருந்து கொடித்துண்டுகள் கொண்டுவந்தேன். கொடிக்காலில் அகத்தி தரும் நிழலை இங்கே சுவர்கள் தருகின்றன. சிமென்ட் மரத்தில் நேரடியாக ஏற விடவில்லை. கணுவேர் சில்லு இடுக்கில் நுழையும். மரத்திலிருந்து மூன்று அங்குலம் தள்ளித் தேங்காய் நார்க்கயிறு கட்டி அதில் ஏற்றியிருக்கிறேன். கூடவே பெரணி, கற்பூரவல்லி, மிளகு. பழைய நாலடித் தொட்டியில் கொசுப்புழு தின்னக் கப்பி மீன்கள். பாத்திகள் எல்லாம் சுவரிலிருந்து அரையடி தள்ளி, நடுவே ஜல்லி போட்டுத்தான். இல்லையென்றால் நீர் பாய்ச்சியே சுவருக்கு மறுபடி ஓதம் ஏற்றிவிடுவோம்.

செலவு: சிமென்ட் 7 மூட்டை 2,730 ரூபாய். எம் சாண்ட், ஜல்லி, செங்கல் 6,200. உறைகளும் மூடியும் 4,200. குழாய்கள் 4,850. கம்பி, வலை, கட்டுக்கம்பி 2,600. லேடெக்ஸ், ஓட்டுப்பசை, சீலன்ட் 5,400. கூலி 27,500. செடி, மண், எரு 1,900. மொத்தம் 55,380 ரூபாய். கூலியில் பாதி தண்ணீர் வழிக்கே போயிற்று. அதைக் குறைக்க முடியாது. குறைத்தால் மற்றப் பாதியை மறுபடியும் செலவழிக்க நேரும்.

அடுத்த முறை செய்வதென்றால் மெல்லிய கிளைகளுக்கு 6 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வாங்குவேன். விலை அதிகம்தான், ஆனால் கிளையில் 20 மி.மீ. கனம் ஏற்றினால் அழகு போய்விடுகிறது. வடிகட்டித் தொட்டிக்கு இரண்டடிக்குப் பதில் மூன்றடி அகலம் வைப்பேன். மணலை வருடம் ஒருமுறை அள்ளிக் கழுவ வேண்டும், இப்போதைய அகலத்தில் ஆள் குனிய இடமில்லை. கொத்துவதற்கு முன் சுவரை ஓரடிக் கட்டங்களாகப் பிரித்து, எண் எழுதி, புகைப்படம் எடுத்துக்கொள்வேன். குதிரையின் பின்னங்கால்களுக்கு அப்படி எடுத்தோம். வேலை பாதி நேரத்தில் முடிந்தது.

வடக்குச் சுவரின் மேல்வரிசை இன்னும் பாக்கி. அங்கே குதிரையின் பிடரி பொத்தென்றுதான் ஒலிக்கிறது. சாரம் கட்ட வேண்டும். சித்திரை வெயிலில் கலவை ஈரம் பிடிக்காது என்பதால் ஆடிக்குப் பிறகு தொடங்குவதாக இருக்கிறோம். அதற்கான நீலத் துண்டுகளைப் பெரியப்பா இப்போதே பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறார்.